பட்டத்துக் காளையும் பதினாறு தலைமுறைப் பேச்சும்

பெரியகுளத்தை அடுத்து, வராக நதிப் பாசனத்தில் ஜெயமங்கலம், மேல்மங்கலம் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நெல், கரும்பு, வாழை என்று எதைப் போட்டாலும் எடுக்கிற பூமி. 'மங்கலம்' என்று முடிகிற ஊர்கள் பொதுவாக, அந்தக் காலத்து அரசர்கள் வேதம் ஓதியவர்களுக்கு வரியில்லாமல் விட்ட நிலத்தில் எழுந்தவை. அங்கிருந்து தேனி வந்து கம்பம் பேருந்தில் ஏறினால் சின்னமனூர் வரும். பாண்டியர் செப்பேடுகள் கிடைத்த ஊர் அது. இன்னும் தெற்கே போனால் உத்தமபாளையம், மேற்கே விலகினால் போடிநாயக்கனூர். இந்த இரண்டு பெயரும் பாளையக்காரர்கள், நாயக்கர்கள் காலத்து முத்திரை. ஒரே டிக்கெட்டில் போய்ச் சேரக்கூடிய தூரத்துக்குள் மங்கலம், பட்டி, பாளையம், நாயக்கனூர் என்று ஊர்ப்பெயர்கள் மாறிக்கொண்டே போகின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ வந்து குடியேறியதன் தடம்.

அப்படி வந்தவர்களில் ஒரு கூட்டம் மூட்டை முடிச்சோடு ஒரு மொழியையும், ஒரு மாட்டு மந்தையையும் கொண்டு வந்தது. மொழி கன்னடம். மந்தை, கம்பத்தில் இன்றும் இருக்கிற தம்பிரான் மாட்டுத் தொழு. இரண்டும் இத்தனை நூற்றாண்டு எப்படித் தாக்குப்பிடித்தன என்று கேட்கப் போனால் மொழியியல், மண்ணியல், மரபியல் என்று மூன்று படிப்பும் தேவைப்படுகிறது.

முதலில் மொழி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் 7.21 கோடிப் பேரில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 42 லட்சம். கன்னடத்தைச் சொன்னவர்கள் ஏறக்குறைய 12.8 லட்சம். இதில் ஓசூர், தாளவாடி போன்ற எல்லைப்புறத்து மக்களைப் பற்றி வியக்க ஒன்றுமில்லை. அவர்களுக்குக் கர்நாடகம் கூப்பிடு தூரம். கம்பம் பள்ளத்தாக்குக் கன்னடம் அப்படியல்ல. மேற்கே கேரளம், கிழக்கே வருசநாட்டு மலை, சுற்றிலும் தமிழ். கன்னடப் பள்ளிக்கூடம் கிடையாது, கன்னடப் பத்திரிகை கிடையாது, எழுத்து தெரிந்தவர்களைத் தேடத்தான் வேண்டும். ஆனாலும் அடுக்களையில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

இது எவ்வளவு அபூர்வம் என்று தெரிய அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே குடியேறியவர்களின் மொழிகளை ஆராய்ந்த ஜோஷுவா ஃபிஷ்மேன் போன்ற சமூக மொழியியலாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட ஒழுங்கு ஒன்று உண்டு. தாத்தா தன் மொழியில் பேசுவார். அப்பாவுக்கு இரண்டும் தெரியும். பேரனுக்கு ஆங்கிலம் மட்டும். மூன்றே தலைமுறை, கதை முடிந்தது. கம்பம் கன்னடம் வந்து 400 ஆண்டு என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், தலைமுறைக்கு 25 ஆண்டு வீதம் பதினாறு தலைமுறை ஆகிறது.

கம்பத்தில் இந்தக் கன்னடம் பேசுகிறவர்களைக் காப்பிலியர் என்றும் ஒக்கலிகர் என்றும் சொல்வார்கள். அரசின் சாதிப் பட்டியலிலும் இரண்டு பெயரும் ஒரே வரியில்தான் இருக்கின்றன. ஒக்கலுதனம் என்றால் கன்னடத்தில் வேளாண்மை. ஆக, இது உழவர் கூட்டம். பூர்வீகம் துங்கபத்திரைக் கரை என்பது இவர்கள் மரபாகச் சொல்லிவருவது. அங்கே ஆள்பவர்களின் தொல்லை தாங்காமல் புறப்பட்டதாகவும், வெள்ளம் புரண்ட ஆற்றைக் கடக்க வழியில்லாமல் நின்றபோது கரையில் நின்ற புங்கமரம் வளைந்து பாலமானதாகவும் ஒரு கதை. தெலுங்கு பேசும் கம்பளத்தாரிடமும் கிட்டத்தட்ட இதே கதை உண்டு. கதையை அப்படியே வரலாறாக எடுக்க முடியாது. ஆனால் விஜயநகர ஆட்சியின் காலத்திலும், 1529இல் விசுவநாத நாயக்கரோடு தொடங்குகிற மதுரை நாயக்கர் ஆட்சியிலும் வடக்கிலிருந்து படைவீரர்களும் உழவர்களும் அலை அலையாகத் தெற்கே இறங்கினார்கள் என்பது வரலாறு. துங்கபத்திரையிலிருந்து கம்பத்துக்குக் காக்கை பறக்கும் வழியில் 600 கிலோமீட்டருக்கு மேல். மாடுகளை மேய விட்டுக்கொண்டே நாளுக்குப் பத்து கிலோமீட்டர் நடந்தால் நேர்வழியிலேயே இரண்டு மாதம். மலை, ஆறு, சண்டை, பஞ்சம் எல்லாம் குறுக்கிட்டிருக்கும்; வழியிலேயே பிறந்து வழியிலேயே வளர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையிலும் உழவர்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தார்கள். 1606 முதல் ஸ்காட்லாந்துக் குடியானவர்கள் கடலைத் தாண்டி அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டருக்குப் போனார்கள். 1609க்குப் பிறகு அரசரே திட்டம் போட்டு அனுப்பினார். அவர்கள் தாண்டிய கடல், மிகக் குறுகிய இடத்தில் வெறும் 20 கிலோமீட்டர்தான். 1960களில் ராபர்ட் கிரெக் என்ற மொழியியலாளர் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் அலைந்து, வயதான விவசாயிகள் சாதாரணச் சொற்களை எப்படி உச்சரிக்கிறார்கள் என்று குறித்து, ஸ்காட் பேச்சு எந்த வேலியில் தொடங்கி எந்த வேலியில் முடிகிறது என்று வரைபடம் போட்டார். 350 ஆண்டுக்கு முந்தைய குடியேற்ற வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் பொருந்தின. மாட்டுத் தொழுவத்துக்கு 'பையர்', வாய்க்கால் பள்ளத்துக்கு 'ஷியூக்' என்று பழைய சொற்கள் இன்றும் அங்கே புழக்கத்தில் உண்டு. அரசவையில் பேசிய சொல் போய்விட்டது, தொழுவத்தில் பேசிய சொல் நின்றுவிட்டது. விவசாயியின் நாக்கு ஆவணக் காப்பகத்தைவிட நம்பகமானது என்று எனக்கு ஒரு கட்சி உண்டு. கிரெக்கின் வரைபடம் அதற்கு நல்ல சாட்சி.

நாக்கை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கலாம் என்றால், காலத்தையும் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். நம் பால் கன்னடத்தில் ஹாலு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பல், ஹல்லு. தெலுங்கில் இவை பாலு, பதி, புலி, பல்லு. மூன்று மொழிகளில் இரண்டில் பகரம் அப்படியே இருக்க, கன்னடம் மட்டும் மாறியிருக்கிறது. பழைய கன்னடக் கல்வெட்டுகளிலோ பகரம்தான். 10ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்த மாற்றம் தலைகாட்டி, 14ஆம் நூற்றாண்டுக்குள் ஏறக்குறைய முழுக்கப் பரவியது என்பது மொழியியலாளர் கணக்கு. இதிலிருந்து ஒரு எளிய சோதனை கிடைக்கிறது. கன்னட நாட்டை விட்டுப் பிரிந்த ஒரு கூட்டம் 'ஹ' போட்டுப் பேசினால், இந்த மாற்றத்துக்குப் பிறகு புறப்பட்டவர்கள். 'ப' போட்டுப் பேசினால் அதற்கு முன்பே கிளம்பியவர்கள்.

நீலகிரிப் படகர்களின் ஊர்களுக்கு ஹட்டி என்று பெயர். நம் ஆண்டிபட்டி, உசிலம்பட்டியில் வருகிற அதே பட்டிதான். அவர்கள் கும்பிடும் தெய்வம் ஹெத்தை. ஆகவே படகர்கள் மைசூர்ச் சமவெளியிலிருந்து மலையேறியது இந்த மாற்றம் முடிந்த பிறகு என்று ஒலியே சொல்லிவிடுகிறது. வீட்டில் கன்னடம் பேசும் நண்பர் உங்களுக்கு இருந்தால், ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லிப் பாருங்கள். பத்தில் வந்து நிற்கும்போது 'ஹத்து' என்றாலும் சரி, ஹகரமும் தேய்ந்து வெறும் 'அத்து' என்றாலும் சரி, பகரம் போய்விட்டதென்றால் அந்தக் குடும்பம் பேச்சளவில் இடைக்காலக் கர்நாடகத்தைத் தாண்டி வந்தது என்று பொருள்.

சரி, கம்பத்துக் கன்னடம் எப்படி நின்றது? மொழியியலாளர்கள் இதற்குப் 'புழங்குதளம்' என்கிற கருத்தைப் பயன்படுத்துகிறார்கள். எந்த இடத்தில், யாரோடு, எதற்காகப் பேசுகிறோமோ அது ஒரு புழங்குதளம். கடை ஒன்று, கோயில் ஒன்று, மாமியார் வீடு ஒன்று. அமெரிக்காவில் ஆங்கிலம் எல்லாத் தளத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. கடைசியில் தாத்தாவின் மொழிக்கு நிற்க இடமில்லை. இங்கே தளங்கள் பங்கு போடப்பட்டிருந்தன. சந்தையில் தமிழ், வயலில் வேலையாட்களோடு தமிழ், பள்ளியில் தமிழ், படம் பார்ப்பது தமிழ். வீட்டுக்குள், பங்காளிகளுக்குள், மாட்டோடு பேசும்போது கன்னடம். பெண் எடுப்பதும் கொடுப்பதும் உறவுக்குள்ளேயே என்பதால் வருகிற மருமகளும் அதே பேச்சோடுதான் வருவாள். மொழி பிழைப்பது மருமகளின் நாக்கில்தான். குழந்தை முதலில் கேட்பது அந்தக் குரலைத்தானே.

அதற்காக மொழி மாறாமல் உறைந்து கிடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மகாராஷ்டிரத்தின் சாங்லி அருகே கூப்வாட் என்று ஒரு கிராமம். கன்னடம், மராத்தி, உருது பேசுபவர்கள் அங்கே நூற்றாண்டுக் கணக்கில் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். கொஞ்சம் தெலுங்கும் உண்டு. 1971இல் ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் அந்த ஊர்ப் பேச்சை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை மொழியியல் மாணவர்கள் எல்லாரும் படிப்பது. சொற்கள் தனித்தனியாகவே இருக்கின்றன. ஒரு வீட்டார் பேச்சை இன்னொரு வீட்டாருடையது என்று யாரும் தவறாக எண்ண முடியாது. ஆனால் வாக்கிய அமைப்பு மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. மராத்தி வாக்கியத்தில் சொல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் கன்னடச் சொல்லை வைத்தால் சரியான கன்னட வாக்கியம் வந்துவிடுகிறது. இந்தோ-ஆரிய மொழியான மராத்திக்குள், ஆளை ஆளாகவும் மற்றதையெல்லாம் அஃறிணையாகவும் பார்க்கிற திராவிட இலக்கணமே புகுந்துவிட்டது. அடையாளத்துக்கு வேண்டிய சொற்களை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அண்டை வீட்டாரோடு சேர்ந்து மாற்றிக்கொண்டதால்தான் அந்த மொழிகள் பிழைத்தன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு தொழுவுக்குள் போவோம்.

1906இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி கம்பத்து மந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். மூன்றாண்டு கழித்து வந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய தொகுப்பிலும் அது இடம்பெற்றது. தமிழில் தம்பிரான் மாடு, கன்னடத்தில் தேவரு ஆவு. சாமி மாடு என்று அர்த்தம். முன்னோர்கள் வடக்கேயிருந்து வரும்போது ஓட்டி வந்த மாடுகளின் வாரிசு என்பது நம்பிக்கை. நந்தகோபாலன் பெயரால் வழிபாடு. இந்த மாடுகளின் பாலை விற்றுக் காசாக்குவது கிடையாது. மந்தைக்கு ஓர் அரசன் உண்டு. அவர்தான் பட்டத்துக் காளை.

பட்டம் எப்படிக் கிடைக்கிறது என்பது அந்தப் பதிவின் அழகான பகுதி. இருந்த காளை இறந்துவிட்டால் உரிய சடங்குகளோடு அடக்கம். பிறகு நல்ல நாள் பார்த்து மந்தை முழுவதையும் ஒன்று சேர்க்கிறார்கள். சூடம் கொளுத்தி, வெற்றிலை பாக்கு வைத்து, மாடுகளுக்கு முன்னால் ஒரு கட்டுக் கரும்பைப் போடுகிறார்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. எந்தக் காளை முதலில் வந்து கரும்பில் வாய் வைக்கிறதோ அதற்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, அரசனாக அறிவிக்கிறார்கள். தெய்வம் தேர்ந்தெடுத்தது என்பது பக்தர் கூற்று. கால்நடை மருத்துவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். மந்தையில் மாடுகளுக்குள் ஒரு வரிசை உண்டு. யார் யாருக்கு வழி விடுவது என்பது முட்டி மோதி முன்பே முடிவாகியிருக்கும். கூட்டத்தையும் சத்தத்தையும் புகையையும் கண்டு மிரளாமல், நல்ல பசியோடு, மற்றக் காளைகள் ஒதுங்கி வழிவிட, முன்னால் வருகிற காளை எப்படிப்பட்டதாக இருக்கும்? தைரியம், உடல்நலம், மந்தையில் செல்வாக்கு மூன்றும் இருந்தால்தான் அந்தக் கரும்பு வாய்க்குக் கிட்டும். ஒரு கட்டுக் கரும்பில் மூன்று தேர்வு நடந்துவிடுகிறது.

பாலும் விற்பதில்லை என்றால் மந்தை எதற்கு என்று கேட்கலாம். இந்தப் பள்ளத்தாக்கில் மாடு பாலுக்காக மட்டும் வளர்க்கப்பட்டதே இல்லை. தேனி மாவட்டத்து மலைமாடுகளை வளர்ப்பவர்களைக் கேட்டால், பால் கன்றுக்கு, சாணி நமக்கு என்பார்கள். பகலில் மலையடிவாரத்துக் காட்டில் மேய்ச்சல். இரவில் யாருடைய வயலிலாவது கிடை. வயல்காரர் அதற்குப் பணமோ தானியமோ கொடுப்பார். நாட்டு மாடு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் எட்டிலிருந்து பத்துக் கிலோ சாணி போடும். 300 மாடு ஓர் இரவு படுத்து எழுந்தால் ஒன்றரை டன் அளவுக்கு எரு அந்த இடத்திலேயே விழுந்திருக்கும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை எதுவும் இல்லை.

சாணியைவிடக் கோமியம்தான் பெரிய விஷயம். மாடு வெளியேற்றுகிற நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி சிறுநீரில்தான் இருக்கிறது, யூரியா வடிவத்தில். நாம் கடையில் மூட்டையாக வாங்கும் அதே யூரியா. குப்பைக்குழியில் சாணியைச் சேர்த்து வண்டியில் அடிக்கும்போது இந்தப் பாதி கொட்டில் தரையிலேயே வீணாகிவிடும். கிடை போட்டால் வீணாவதில்லை. 300 மாடு ஓர் இரவில் விடும் சிறுநீர், வீட்டு மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைகிற அளவு. மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் அந்த யூரியாவை மளமளவென்று அம்மோனியாவாக மாற்றும். வெயில் ஏறினால் அது காற்றோடு போய்விடும். மறுநாளே ஏர் பூட்டி மண்ணைப் புரட்டிவிட்டால் தப்பும். கிடை மாற்றின கையோடு உழ வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தியதற்குப் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது. வேறு விதமாகச் சொன்னால், மலைக்காட்டுப் புல்லில் இருந்த சத்தை நாலு கால் வைத்து நடத்திக் கூட்டிவந்து பள்ளத்தாக்கு வயலில் இறக்கும் ஏற்பாடு இது. குடியேறி வந்தவர்களுக்கு நல்ல நஞ்சை கிடைத்திருக்காது. கிடைத்த மானாவாரியை மாட்டை வைத்தே தேற்றினார்கள்.

பிறகு தண்ணீர் வந்தது. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்க வேண்டிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பி இருக்கிறது. அணையைக் கட்டிய பென்னிகுக்கின் படம் மாட்டாத டீக்கடையை இங்கே பார்ப்பது கஷ்டம். தண்ணீர் வந்தது, பின்னால் மூட்டை உரம் வந்தது, டிராக்டர் வந்தது. மந்தையின் தேவை குறைந்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் வனத்துக்குள் மாடு மேய்க்கத் தடை விதித்து, பின்பு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. காட்டுமாடுகளுக்குக் கோமாரியும் அடைப்பானும் தொற்றும் என்ற வனத்துறையின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பரம்பரையாக மேய்த்த மலையில் இன்று ஏன் கூடாது என்று மாட்டுக்காரர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் இந்த வழக்கு இன்னும் பேச்சில் இருக்கிறது.

பிழைப்புக்கான காரணம் தேய்ந்த பிறகும் தொழு நிற்கிறது என்றால் பக்தியால்தான். ஆனால் பக்தி மட்டும் ஒரு மந்தையைக் காப்பாற்றாது. மூடிய மந்தைக்கு ஒரு கொடிய எதிரி உண்டு: சொந்த ரத்தம். 300 பசுவும் ஒரே ஒரு பொலிகாளையும் இருக்கிற மந்தையை எடுத்துக்கொள்வோம். எண்ணினால் 301 உருப்படி. மரபியல் அதை அப்படி எண்ணாது. பிறக்கிற கன்று எல்லாவற்றுக்கும் ஒரே தகப்பன் என்பதால் அடுத்த தலைமுறையில் எல்லாமே அண்ணன் தங்கைதான். இதற்குச் சீவால் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் 1931இல் ஒரு வாய்பாடு கொடுத்தார். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருவது 'பயனுறு தொகை', அதாவது மரபணுக் கண்ணோட்டத்தில் மந்தை உண்மையில் எத்தனை பெரிது என்பது. கணக்குப் போட்டால் 301 மாட்டு மந்தையின் பயனுறு தொகை வெறும் நாலு. கையில் எண்ணிவிடலாம். காளைகளைப் பத்தாக்கினால் 39 ஆகிவிடுகிறது. பசு ஒன்றைக்கூடக் கூட்டவில்லை. காளையை மட்டும் கூட்டியதற்கே பத்து மடங்கு. நல்ல வேளையாகத் தொழுவில் பட்டம்தான் ஒன்று. மற்றக் காளைகளும் மந்தையோடு மேய்கின்றன. காட்டில் எந்தப் பசுவை எது சேர்ந்தது என்று அரசர் காவல் இருக்க முடியாது.

அதற்கும் மேல் ஒரு வழக்கம். நேர்த்திக்கடனாக மக்கள் தங்கள் வீட்டுக் கன்றைத் தொழுவுக்கு விடுகிறார்கள். நோய் தீர்ந்தால் கன்று, பிள்ளை பிறந்தால் கன்று, பசு தலையீற்று ஈன்றால் அந்தக் கன்று. ஒவ்வொரு கன்றும் வெளியிலிருந்து வருகிற புது ரத்தம். உயிரினப் பாதுகாப்புத் துறையில் ஒரு விதி பேசப்படுகிறது: தனித்துப்போன கூட்டத்துக்குத் தலைமுறைக்கு ஒரே ஓர் அந்நிய உருப்படி வந்து கலந்தாலும் அது பெரிய சீரழிவிலிருந்து தப்பும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சிறுத்தை போன்ற பூமா இனம் ஒன்று இருபது முப்பதாகக் குறைந்து, சொந்தத்துக்குள்ளேயே கூடி, வால் முறுக்கிக்கொண்டும் மலடாகியும் அழியும் நிலைக்குப் போனது. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். இனம் நிமிர்ந்து நூறைத் தாண்டியது. விஞ்ஞானிகள் அங்கே பெரும்பாடு பட்டுச் செய்ததை, இங்கே ஒரு பாட்டியின் வேண்டுதல் ஆண்டுதோறும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

இப்போது ஒரு சங்கடமான கணக்கு. மாட்டுக்கு ஒரு தலைமுறை சுமார் ஐந்தாண்டு. 400 ஆண்டில் 80 தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் மந்தையில் நூற்றுக்கு ஐந்து உருப்படி வெளியே இருந்து வந்த கன்று என்று வைத்துக்கொள்வோம். பெரிய அளவு ஒன்றும் இல்லை. முதல் தலைமுறையில் துங்கபத்திரை ரத்தம் 95 சதவீதம். அடுத்ததில் அதில் 95 சதவீதம். இப்படி எண்பது முறை பெருக்கினால் மிஞ்சுவது 1.7 சதவீதம்தான். ஓட்டி வந்த மந்தையின் வாரிசு என்று கும்பிடப்படுகிற மாடுகள் உடம்பளவில் ஏறக்குறைய முழுக்கக் கம்பம் பள்ளத்தாக்கு மாடுகளாக இருக்கும். வெளியாட்களை உள்ளே விட்டதால்தான் மந்தை சாகவில்லை. அதே காரணத்தால் மந்தை பழைய மந்தையாகவும் இல்லை. சொல்லை வைத்துக்கொண்டு இலக்கணத்தை விட்டுக்கொடுத்த கூப்வாட் பேச்சும் இதே கணக்குத்தான். இதைக் கேட்டு யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அசல் ரத்தத்தைப் பூட்டிவைத்திருந்தால் இன்றைக்குக் கும்பிட மாடே இருந்திருக்காது.

அந்த 1.7 சதவீதத்தைத் தேடிப் பிடிக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்கிற நுண்ணுறுப்புக்குத் தனி மரபணு ஏடு ஒன்று உண்டு. மாட்டில் அது ஏறக்குறைய 16,338 எழுத்து நீளம். தகப்பனிடமிருந்து அதில் ஓர் எழுத்துகூட வராது. தாயிடமிருந்து கன்றுக்கு, அந்தக் கன்று பசுவானால் அதன் கன்றுக்கு என்று தாய்வழியாக மட்டுமே இறங்கும். எத்தனை ஊர்க்காளை கலந்தாலும் தாய்வழி ஏடு கலையாது. வாலில் நாலு மயிரை வேரோடு பிடுங்கினால் போதும், ஆய்வகத்தில் படித்துவிடலாம். படித்ததைக் கர்நாடகத்து ஹல்லிகர், அமிர்த மஹால் மாடுகளின் ஏட்டோடும், சுற்றுவட்டார மலைமாடு, பர்கூர், காங்கேயம் மாடுகளின் ஏட்டோடும் ஒப்பிட வேண்டும். வேலை சுலபமில்லை. இந்தியத் திமில் மாடுகளின் தாய்வழிகள் எல்லாமே இரண்டு பெரிய கிளைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. நாடு முழுக்க இரண்டும் கலந்தே கிடக்கின்றன. ஒன்றிரண்டு எழுத்து வித்தியாசத்தைத் துருவித் துருவித்தான் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வெளியே இருந்து வந்த பசுங்கன்றுகளுக்கும் நாம் போட்ட அதே நூற்றுக்கு ஐந்து கணக்கு பொருந்தும் என்றால், 300 பசு உள்ள தொழுவில் ஐந்து பசு, தாய்க்குத் தாய் தொடர்ச்சி அறாமல், துங்கபத்திரைக் கரையில் மேய்ந்த ஏதோ ஒரு பசுவின் நேர் வாரிசாக இன்று நின்றுகொண்டிருக்கும். கொம்பிலோ திமிலிலோ நிறத்திலோ அதற்கு அடையாளம் இருக்காது. 1906ஆம் ஆண்டுப் பதிவில் உள்ள கரும்புத் தேர்விலும் தாய் யார், தகப்பன் யார் என்று விசாரிக்கிற படி எதுவும் இல்லை.